லைன்ல இருங்க

வெள்ளைக்காரர் கப்பலேறியபோது நம்மிடம் விட்டுப்போன சொற்களில் பாதி ஓய்வுபெற்றுவிட்டன. டிராம் போய்விட்டது. ட்ரங்க் கால் போய்விட்டது. கிராமபோன் பழைய சினிமாவில் வில்லன் வீட்டு மூலையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. 'லைன்' மட்டும் இன்றுவரை மூன்று ஷிப்டும் வேலை பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. தண்டவாளத்தில் படுத்துக் கிடக்கிறது, மின்கம்பத்தில் தொங்குகிறது, சினிமாக் கம்பெனி வாசலில் வாய்ப்புக் கேட்டு நிற்கிறது, பஸ் ஸ்டாண்டில் காதலிக்கிறது, ஆஸ்பத்திரியில் கையில் ஏறுகிறது. இத்தனை வேலைக்கும் அதற்கு இரண்டே எழுத்து.

சிரமமெல்லாம் கேட்பவருக்குத்தான். என் மனைவி உள்ளேயிருந்து, "லைன் போயிடுச்சுங்க" என்று குரல் கொடுப்பாள். உடனே நான் துப்பறிய ஆரம்பிக்க வேண்டும். மின்விசிறி சுற்றுகிறது, ஆகவே கரண்ட் லைன் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது. ஆகவே தண்ணி லைனும் இல்லை. மிச்சம் மூன்று: கேபிள் லைன், நெட் லைன், ஊரில் இருக்கும் அவள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்த போன் லைன். முதலாவது என்றால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவது என்றால் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டியை அணைத்துப் போட வேண்டும். மூன்றாவது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். முகத்தில் மகிழ்ச்சி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது லத்தீனில் கொண்டுபோய் விடுகிறது. ஆளிச் செடிக்கு அங்கே 'லீனும்' என்று பெயர். அதன் நாரைத் திரித்து எடுத்த நூல் 'லீனியா'. அதுதான் ஊர் ஊராக அலைந்து ஆங்கிலத்தில் லைன் ஆயிற்று. அதே செடிக்குப் பிறந்த இன்னொரு பிள்ளைதான் ஜவுளிக்கடையில் விலைச்சீட்டைப் பார்த்ததும் நாம் மடித்து வைத்துவிடும் லினன் சட்டை. ஆக, லைன் என்பது பிறவியில் கோடு இல்லை. கொத்தனார் சுவர் எழுப்பும்போது இழுத்துக் கட்டுகிறாரே, அந்த நூல்.

நமக்கும் நூல் ஒன்றும் சாதாரணப் பொருள் இல்லை. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனக்கோணலைப் படிக்கிற நூல் தீர்க்கும் என்று நன்னூல் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், நூல், கயிறு என்ற அசல் பொருளில் மட்டும் நாம் லைனைத் தொடுவதே இல்லை. துணி காயப்போடுவது கொடி. மீன் பிடிப்பது தூண்டில். இடுப்பில் கட்டுவது அரைஞாண். கயிறு சம்பந்தப்பட்ட உத்தியோகங்களையெல்லாம் சொந்தக்காரர்களுக்கே கொடுத்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்தவனை மற்ற எல்லா வேலைக்கும் விரட்டிவிட்டோம்.

'ஏன், கோடு என்று நமக்கே ஒரு சொல் இருக்கிறதே' என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பழந்தமிழில் கோடுதல் என்றால் வளைதல். யானைத் தந்தம் கோடு. மாட்டுக் கொம்பு கோடு. நேராக இருக்க வேண்டிய ஒன்றுக்கும் அதே பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அது ஸ்கேல் கண்டுபிடிக்காத காலத்தின் நேர்மை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு லைன் என்ற சொல் அறிமுகமானது ரயில்வே வழியாக. பெரியப்பா மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர். மீட்டர் கேஜ் காலம், ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட வேண்டுமானால் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் மணியடித்துக் கேட்டு 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். அவர் சரி என்றால்தான் இவரிடம் இருக்கும் பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு வெளியே வரும். அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, போர்ட்டர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காமல் போகும் வண்டியில் எஞ்சின்காரர் கையை வெளியே நீட்டி அதை அள்ளிக்கொண்டு போவார். அந்தக் குண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டிக்குத்தான் அடுத்த ஸ்டேஷன் வரை பாதை சொந்தம். எதிரே எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸ் வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். குண்டுக்கு முன்னால் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் சமம்.

பெரியப்பாவுக்கு இந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. குளியலறைக்குப் போகும் முன் கொல்லைப் பக்கம் பார்த்து, "லைன் கிளியரா?" என்று சத்தம் போடுவார். உள்ளேயிருந்து பெரியம்மா, "இன்னும் இல்லை" என்றால் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். அதற்கு அவர் 'லூப் லைன்ல நிக்கிறேன்' என்று பெயர் வைத்திருந்தார்.

ரயில்வேயில் எங்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு வழி. விழுப்புரத்தில் பிரிந்து கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே போவது கார்டு லைன். எழும்பூரிலிருந்து கார்டு லைனில் போனால் சுமார் 337 கிலோமீட்டர். மெயின் லைனில் சுமார் 400. நல்ல வேக வண்டிகள் எல்லாம் கார்டு லைனில் ஓடுகின்றன. தாமதமாக வருவதும், கூடுதல் தூரம் போவதும், எல்லா ஊரிலும் நின்று காபி குடிப்பதும்தான் 'மெயின்'. முதலில் போட்ட பாதை என்ற ஒரே தகுதியில் அந்தப் பட்டத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்து மனிதர்களிடம், "கார்டு லைன்ல போனா சீக்கிரம் போயிடலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "போய் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார்கள்.

இந்த லைன் பெருமையால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே நடந்தது. என் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் பெண் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தோம். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் முடிந்து பெண்ணின் தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி எந்த லைன்?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். "மெயின் லைன்தானுங்க. கார்டு லைனெல்லாம் எங்களுக்குப் பழக்கமே இல்லை."

"மெயின் லைன்னா... கவர்ன்மென்டா?"

"பின்னே? சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆச்சே!"

தாத்தா முகம் மலர்ந்துவிட்டது. "நிரந்தரம்தானே?"

"தொட முடியாதுங்க. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து இருக்கு."

உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் உண்மையில் இருந்தது உர லைன். ஒரு மொத்த வியாபாரியிடம் யூரியா மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் விஷயம் தெரிந்தபோது தாத்தா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். மறுநாள், "பையன் வாயைத் திறந்து பொய் சொல்லலையே" என்று அவரே சமாதானமாகிவிட்டார். அவன் வாயையே திறக்கவில்லை என்பதுதான் நிஜம். அந்தப் பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் அவனுக்கு நன்றாகவே பயன்பட்டது.

பெண் பார்க்கும் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு விசேஷம் உண்டு. 'என்ன வேலை?' என்று கேட்டால் பதவி, சம்பளம், பி.எஃப். எல்லாம் சொல்ல வேண்டும். 'எந்த லைன்?' என்று கேட்டால், 'கம்ப்யூட்டர் லைன்', 'பேங்க் லைன்', 'மெடிக்கல் லைன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி விடலாம். மெடிக்கல் லைன் என்றால் இதய அறுவைச் சிகிச்சை நிபுணரும் வரலாம், மருந்துக் கடையில் அட்டைப்பெட்டி இறக்குபவரும் வரலாம். கல்யாணச் சந்தையில் இப்படி இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கிற சொல் வேறு கிடையாது.

ஆனால் கேள்வி கேட்பவர்கள் ஏமாறாத லைன் ஒன்று உண்டு: சினிமா லைன். வடபழனி, சாலிக்கிராமம் பக்கத்து டீக்கடைகளில் பத்து நிமிடம் நின்றால், "ஒரு லைன் இருக்கு சார்" என்று யாராவது ஆரம்பிப்பார். கதையை ஒரே வரியில் சொல்லிவிடுவதுதான் ஒன்லைன். என் நண்பர் ஒருவர் உதவி இயக்குநர். அவருடைய ஒன்லைனைக் கேட்டு முடிக்க இரண்டு டீயும் ஒரு மழையும் ஆயிற்று. இடைவேளை வரைதான் சொல்லியிருந்தார். ஒரு வரியே இவ்வளவு நீளம் என்றால் முழுக்கதை எவ்வளவு வரும் என்று கேட்டேன். "முழுக்கதை இன்னும் பண்ணலை, லைன் மட்டும்தான் கையில இருக்கு" என்றார்.

சித்தப்பாவுக்கு லைன் என்றால் திசை. சோப்பு ஏஜென்சியில் விற்பனைப் பிரதிநிதி. திங்கள் திருவாரூர் லைன், செவ்வாய் மன்னார்குடி லைன், புதன் நாகப்பட்டினம் லைன், வியாழன் வேதாரண்யம் லைன். கடை கடையாக ஆர்டர் எடுத்து, போன வாரத்துப் பாக்கியை வசூல் செய்துகொண்டு வர வேண்டும். அவர் கல்யாணத்துக்கு ஜோசியர் வியாழக்கிழமையில் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தபோது, "வேதாரண்யம் லைன் விட்டுப்போயிடுமே" என்று கவலைப்பட்டாராம். வேதாரண்யத்துக் கடைக்காரர்கள் பாக்கியோடு கல்யாணத்துக்கு வந்துவிட்டார்கள். மொய் எது, வசூல் எது என்று பிரிக்க சித்திக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அந்த வீட்டுக்குத்தான் எங்கள் தெருவிலேயே முதலில் டெலிபோன் வந்தது. போனை எடுத்துப் பேசுவது சிறுவர்களான எங்கள் பொறுப்பு. யாராவது கூப்பிட்டு, "ஐயா இருக்காரா?" என்று கேட்டால், "சித்தப்பா லைனுக்குப் போயிருக்காங்க, நீங்க லைன்ல இருங்க, சித்தி வர்றாங்க" என்போம். சித்தி வருவதற்குள் லைன் கட்டாகிவிடும். அப்போதெல்லாம் லைன் கிடைப்பது கடவுள் கிடைப்பது மாதிரி. வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, சாதாரணம், அவசரம், மின்னல் என்று அவரவர் வசதிக்கேற்பக் காத்திருப்பார்கள். கிடைத்த பிறகும் நடுவில் யாரோ இரண்டு பேர் நெல் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டு எங்கள் தாத்தா நெல்லை ஒரு வாரம் விற்காமல் வைத்திருந்து லாபம் பார்த்தார் என்று ஒரு குடும்பக் கதை உண்டு. இன்றைய பங்குச் சந்தையில் அதற்குக் கைது செய்வார்கள்.

டெலிபோனுக்கு ஒரு லைன்மேன், மின்சாரத்துக்கு ஒரு லைன்மேன். தீபாவளிக்கு இருவரும் ஒரே நாளில் வருவார்கள். இவர்களில் மின்சார லைன்மேனை யாரும் கேலி செய்யக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த ஆட்கள் வயல் சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்று 'லைன் வந்துடுச்சு' என்ற செய்திக்காக ஊரே காத்திருந்தது.

மின்சாரக்காரர்களிடமும் 'லைன் கிளியர்' உண்டு. சுருக்கமாக 'எல்.சி.' என்பார்கள். கம்பத்தில் ஏறும் முன் எல்.சி. வாங்க வேண்டும். அதன் பொருள்: லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது, தொடலாம். ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் வண்டியை விடலாம். ஆக ஒரே வார்த்தைக்கு ஓர் இலாகாவில் 'வருகிறது' என்று பொருள். இன்னொன்றில் 'வராது' என்று பொருள். பெரியப்பாவும் எங்கள் தெரு லைன்மேனும் சீட்டு விளையாடும்போது இதைப் பற்றி வாக்குவாதம் வரும். "லைன் கிளியர்னா ஒண்ணுமே ஓடாது" என்பார் லைன்மேன். "லைன் கிளியர்னாத்தான்யா ஓடும்" என்பார் பெரியப்பா. இருவரும் தங்கள் சர்வீஸில் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓய்வுபெற்றார்கள். அவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமல் இருந்ததுதான் காரணம்.

காதலர்கள் மூன்றாவது இலாகா. எங்கள் ஊரில் ஒருவர் மனதை இன்னொருவர் ஆழம் பார்ப்பதற்கு 'நூல் விட்டுப் பார்த்தல்' என்று பெயர். கடன் கேட்பதற்கும் நூல் விடலாம், காதலுக்கும் விடலாம். எங்கள் கல்லூரி நாட்களில் அது 'லைன் விடுதல்' ஆகிவிட்டது. லைன் என்பதற்கு ஆதிப் பொருளே நூல் என்று எந்த லத்தீன் வாத்தியாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அரியர்ஸ் வைத்திருந்த பையன்கள், அகராதி பார்க்காமல், அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அவர்களும் ரயில்வே விதியைத்தான் பின்பற்றினார்கள். "அந்தப் பொண்ணு லைன் கிளியரா?" என்று கேட்டு, வேறு வண்டி இல்லை என்று உறுதியான பிறகே புறப்படுவார்கள். குண்டு மட்டும் கடைசிவரை அந்தப் பெண்ணின் அண்ணன் கையில் இருக்கும்.

இந்தப் பொருள் அறிந்த தலைமுறை ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அப்பா காய்ச்சலில் படுத்தபோது கண்டேன். எண்பதை நெருங்குகிற மனிதர். ஓர் இளம் நர்ஸ் தட்டோடு வந்து சிரித்த முகமாகச் சொன்னாள்: "தாத்தா, உங்களுக்கு ஒரு லைன் போடணும். கையைக் குடுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நர்ஸ் கையைப் பிடித்துத் தட்டித் தட்டி நரம்பு தேடி ஊசியைச் செருகி பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் வேறொரு நர்ஸ் வந்து, "நேத்துப் போட்ட லைன் சரியில்லை தாத்தா, எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு போடலாம்" என்றாள். அம்மா அதுவரை பொறுத்திருந்தாள். "நல்லாப் போடும்மா. அந்தக் காலத்துல இவர் போட்ட லைனும் சரியில்லைதான். எடுக்க முடியாமப் போச்சு" என்றாள். அந்தப் பெண் சிரித்ததில் இரண்டு முறை நரம்பு தவறிவிட்டது. வலியெல்லாம் அப்பாவுக்கு.

வீட்டுக்கும் லைன் உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் 'லைன் வீடு' என்றால் வரிசையாக ஒட்டிக்கட்டிய ஒற்றை அறைகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு கழிப்பறை. பனியன் கம்பெனிக்குள் போனால் தையல் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசைக்கும் லைன் என்றுதான் பெயர். ஒருவர் கை வைப்பார், அடுத்தவர் கழுத்து வைப்பார், கடைசியில் பனியன் விழும். ஒரு திருப்பூர்த் தொழிலாளிக்குக் காலையில் கண் விழிப்பதும் லைன், வேலை பார்ப்பதும் லைன், சம்பளம் வாங்க நிற்பதும் லைன்.

இலங்கை மலையகத்தில் இந்தச் சொல்லுக்குச் சிரிப்பு கிடையாது. தோட்டத் துரைமார், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோன தொழிலாளர்களைத் தங்கவைக்கக் கட்டிய நீள் கொட்டடிகளுக்கு லைன் என்று பெயர். மக்கள் வாயில் அது லயன் ஆயிற்று, லயம் என்றும் ஆயிற்று, அறைக்குக் காம்பரா. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். அட்டன் பக்கத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் சொன்னார்: "துரை எங்களை எண்ணிப் பார்க்க வசதியா வரிசையாக் கட்டினான். ஆனா ஒரு காம்பராவில குழந்தை அழுதா அந்த லயத்தில எல்லாருக்கும் தூக்கம் போகும். அதனால எல்லாரும் சொந்தக்காரங்களாயிட்டோம்."

அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஆங்கிலேயருக்கு லைன் என்றால் பெரும்பாலும் பிரிப்பது. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான். 1893இல் ஆப்கானிஸ்தானத்துக்கு ஒரு டூரண்ட் லைன். 1914இல் திபெத்துக்கு ஒரு மக்மோகன் லைன். 1947 ஜூலையில் ராட்க்ளிஃப் என்ற வக்கீலை வரவழைத்தார்கள். அதற்கு முன் இந்தியாவுக்கு வந்தே அறியாதவர். ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் குறுக்கே வெட்டி ஒரு லைனைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். நம் வீட்டுக் கொத்தனார் கழிவறைச் சுவர் எழுப்புவதற்குக்கூட அதைவிட அதிக நாள் நூல் பிடித்துப் பார்ப்பார்.

பத்திரிகை ஆசிரியர்கள் நம்மை மிரட்டும் 'டெட்லைன்' இருக்கிறதே, அதன் பிறப்பு இன்னும் மோசம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864இல் ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உள்ளே ஒரு வேலி போட்டிருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால் காவலர் சுட்டுவிடுவார். அதுதான் டெட்லைன். அதே சொல்லால் என்னிடம் கட்டுரை கேட்கும் ஆசிரியர், தாண்டினால் போன் மட்டும் செய்கிறார் என்பதற்காக நான் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

இப்போது நம் லைன்களை எண்ணிப் பாருங்கள். லைன் போடுவோம், லைன் விடுவோம், லைன் கொடுப்போம், லைன் இழுப்போம், லைன்ல இருப்போம். ஒன்றாவது தடுக்கிறதா? எல்லாமே இன்னொருவரிடம் போய்ச் சேருவதற்கு. மறுமுனையில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரோ, ஒரு டிரான்ஸ்பார்மரோ, ஒரு அக்காவோ, ஒரு வேதாரண்யத்துக் கடைக்காரரோ கட்டாயம் இருப்பார். 'அந்த ஆபீஸ்ல நமக்கு ஒரு லைன் இருக்கு' என்றால் அங்கே சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பிரிக்கிற வேலையையெல்லாம் நாம் கோட்டிடம் தள்ளிவிட்டோம். எல்லைக்கோடு, வறுமைக்கோடு, லட்சுமணன் போட்ட கோடு. யாராவது 'வறுமை லைன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'கோட்டைத் தாண்டாதே' என்று பிள்ளையை அதட்டுகிற தாய், 'லைனைத் தாண்டாதே' என்று அதட்டுவதில்லை.

    

நம் லைன் எல்லாரையும் சேர்த்துவைப்பது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரே ஓர் இடத்தில் அது நம்மைக் கவிழ்க்கிறது. டிக்கெட் கவுண்டர், ரேஷன் கடை, கோயில் தரிசனம் என்று ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டிய லைன். அந்த லைனின் உயிரே பிரிப்பதில்தான் இருக்கிறது: இவர் முன்னால், நான் பின்னால். அது நமக்குச் சரிப்பட்டு வருவதில்லை. அங்கேயும் உறவு கொண்டாட ஆரம்பித்துவிடுகிறோம். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு, "அண்ணே, எனக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கிடுங்க" என்போம். அவர் வாங்கித் தருவார். அதைப் பார்த்து நாலாவது ஆளும் அவருக்குத் தம்பியாகிவிடுவார். "லைன்ல வாங்கப்பா, லைன்ல வாங்க" என்று பின்னாலிருந்து கத்துபவரைக் கவனியுங்கள். கத்திக்கொண்டே அவர் பக்கவாட்டில் முன்னேறிக்கொண்டிருப்பார். கவுண்டரை நெருங்கும்போது லைன் விசிறி மடிப்பாக விரிந்து, இருபது கைகள் ஒரே துவாரத்துக்குள் நுழைந்திருக்கும். உள்ளே இருப்பவர் எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் சில்லறையைப் பொதுவாக வைப்பார்.

ஆகவே என் தீர்ப்பு இது. ரயில், கரண்ட், காதல், சினிமா, சோப்பு ஆகிய துறைகளில் லைனை நம் இஷ்டம்போல வளைத்துக்கொள்ளலாம். அதற்கான உரிமையைப் போதுமான அளவு உழைத்துச் சம்பாதித்துவிட்டோம். கவுண்டர் முன்னால் மட்டும் அதை வெள்ளைக்காரன் வைத்த அர்த்தத்திலேயே விட்டுவைப்போம். அங்கே என்னைப் பார்த்தால் அண்ணன் என்றோ சார் என்றோ கூப்பிட வேண்டாம், எனக்கும் சேர்த்து வாங்குங்கள் என்று பணத்தை நீட்ட வேண்டாம். தயவுசெய்து எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.